கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல்

செத்துப்போய்க் கிடந்தார் அதிசயராஜ், மேடைப் பலகையின் தூசி மூக்கில் ஏற, நெஞ்சு ஏறி இறங்குவது வெளியே தெரியாமல் மூச்சை அடிவயிற்றுக்குள் சிறுகச் சிறுக இழுத்துக்கொண்டு, தலைமாட்டில் அவருடைய மேடை மகள், ஒரு ருமேனியக்காரி, அழுது பாடி நிறுத்த, கீழே வாத்தியங்களும் அடங்கிய அந்த ஒரு நொடியில், மூன்றாவது வரிசையிலிருந்து, எப்பா, எந்திரிப்பா, என்று தமிழில் ஒரு குரல் வந்தது, அவருடைய ஐந்து வயது மகள் பெனினாவின் குரல், அரங்கம் முழுவதும் சிரித்தது, அவர் எழுந்திருக்கவில்லை, இன்னும் நான்கு நிமிடத்துக்கு அவர் பிணம்.

இருபத்தெட்டு வருடம் ஆகிறது, தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சாயர்புரத்துக்குப் போகிற காரில் கண்ணை மூடினால் இப்போதும் அந்தப் பலகைமேல்தான் கிடக்கிறார், வெளியே உடைமரங்கள் ஓடுகின்றன, வீட்டில் அவர் மனைவி செல்வஜோதி நேற்றிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவள் அவள்தான், ஒட்டுத்தாடியைப் பிய்த்தபடி அவர் ஓடி வருகிறார், அப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா, இங்க பாரு, என்கிறார், பெனினா அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள், அந்தக் கோடையிலேயே செல்வஜோதி சொல்லிவிட்டாள், பிள்ளைய நம்ம ஊர்ல படிக்க வைக்கேன், நீங்க லீவுக்கு வாங்க, என்று, இன்னும் ஒரு வருசந்தான, முடிச்சிட்டு வந்திருதேன், என்றார் அவர், அப்படித்தான் நினைத்தும் இருந்தார்.

ஊர்க் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் அவர் பாடியதைக் கேட்ட ஒரு ஜெர்மன் ஆசிரியர் அழைத்துப்போய்ச் சேர்த்த நாடு ஜெர்மனி, ஆற்றங்கரை நகரம் ஒன்றின் இசைநாடக அரங்கில் நிரந்தரப் பாடகர், கனமான ஆண்குரல், பாரிட்டோன் என்பார்கள், காதலன் வேடம் அந்தக் குரலுக்கு வராது, அப்பன், அரசன், பாதிரி, வில்லன், கூனன், சிரிப்பு மூட்டும் வக்கீல், எல்லாம் வரும், நான்கு மொழிகளில் அறுபத்துமூன்று வேடம், பக்கத்து ஊரில் எவனுக்காவது தொண்டை கட்டினால் அவருக்குத்தான் போன், ரயிலிலேயே பாட்டை நினைவில் ஓட்டி, இன்னொருவனின் வியர்வை காயாத உடுப்பைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார், எதையும் பாடுவான் இவன், என்று பத்திரிகையில் எழுதினார்கள், அவருக்கென்று ஒரு வேடம் இருந்ததாக ஒருவரும் எழுதவில்லை. ஞாயிறுதோறும் கோயில் முடிந்து செல்வஜோதி போன் பண்ணுவாள், இந்த வாரம் யாரு நீங்க, ராஜா, என்பார் அவர், அப்ப ராஜாட்ட சொல்லுங்க, வீட்டுல மோட்டார் ஓடல, என்று சிரிப்பாள், போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு அறைக்குள் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அவர் ஒருவருக்கு மட்டும் சோறு வடிப்பார்.

பெனினாவின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கிறது, பெட்டி கட்டியாகிவிட்டது, போன் வருகிறது, குடிகார ஜெயிலர் வேடம், பாடுகிறவன் ஆஸ்பத்திரியில், ஒரே ஒரு காட்சி, மறுநாள் விமானத்தைப் பிடித்துவிடலாம், மாட்டேன் என்று ஒருமுறை சொன்னவனை அடுத்தமுறை கூப்பிடமாட்டார்கள் என்று நம்பியே இத்தனை வருடம் வாழ்ந்தவர், சரி என்றார், அன்றைக்கு அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது, விடிந்தால் பனி கொட்டி விமானங்களெல்லாம் இரண்டு நாள் தரையில் நிற்கின்றன. ஊருக்கெல்லாம் அப்பனா நிக்கிய, எம்பிள்ளைக்கி நிக்க ஒருநாள் இல்லாமப் போச்சே, என்றாள் செல்வஜோதி, அதற்கப்புறமும் ஞாயிறுதோறும் பேசினாள், மருந்து, மழை, பேத்தியின் காய்ச்சல், இந்த வாரம் யாரு நீங்க என்று மட்டும் கேட்கவில்லை.

செல்வஜோதியை அதற்குள் வீட்டிலிருந்து கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், கார் அங்கே நின்றதும் கோயிலும் கூட்டமும் ஒன்றாக வந்து மோதுகின்றன, ஆராதனையின் நடுவில், வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை சொல்லலாம், என்கிறார் குருவானவர், அவர் எழுந்து, அவகூட நான் இருந்தது மொத்தமா அஞ்சாறு வருசந்தான், என்று தொடங்குகிறார், வருசம் என்ற சொல்லில் குரல் உடைகிறது, உடைந்த இடத்திலிருந்து தானாக எழும்புகிறது, மைக் இல்லாமலேயே கடைசி பெஞ்சு வரைக்கும் போய் நிறைகிறது, பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றுகிறார்கள், அப்போது பக்கத்தில் நின்ற பெனினா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காதோடு, எப்பா போதும், அம்மாட்டயாவது நடிக்காதிய, என்றாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. இல்லம்மா, இது நெசம், என்று சொல்ல வாய் திறந்தவருக்கு, அதையும் இதே குரலில்தானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வேறு குரல் அவரிடம் இல்லை, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் மூன்று பிடி மண் போட்டார், ஆட்கள் மூடி முடித்தார்கள், கூட்டம் கலைந்தது, உதட்டை இறுக்கி மூடியபடி அவர் அழுதார், இப்படி அழ அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, மூச்சு கண்ட இடத்தில் முட்டியது, மூக்கு ஒழுகியது, துடைக்கத் தோன்றவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலிருந்து பெனினா கூப்பிட்டாள், எப்பா, வாங்க, கார் நிக்கி. வாரேம்மா, என்றார் அவர். நாற்பதடி தூரந்தான் இருக்கும். அவளுக்குக் கேட்கவில்லை, என்னப்பா, என்றாள் மறுபடியும்.