சகனில் ஒரு ஆள் குறையுது

1.

இது களவெடுத்த கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் வெட்கம். சாய்ந்தமருது மீராமுகைதீன் காக்காவின் (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) வாயிலிருந்து எடுத்தது. அவர் ஜீப் ஓட்டுகிறவர். 1978இல், நோன்பு பிறக்க மூன்று கிழமை இருக்கும்போது, அவரும் கூட்டாளிகள் நால்வரும் கல்முனையிலிருந்து வடக்கே போய்க் காட்டில் தார்ப்பாய்ப் படங்கு கட்டித் தங்கி, யானைக்குப் பயந்து ஓடி வந்த கதை. தேநீர்க் கடையில் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் யானை ஒரு முழம் வளர்ந்திருக்கும்.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞன். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் படிவங்களின் பின்பக்கம் வெறுமையாகக் கிடப்பதால் கதை எழுதுகிறேன். இப்போது 1986. வடக்கே போகிற பாதையில் பத்து மைலுக்கு ஒருவன் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். போக முடியாத பயணத்தை எழுதியாவது பார்ப்போம் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒரு நோக்கமும் எனக்கு இருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "காடு அவர்களை அழைத்தது." வெட்டிவிட்டேன். காடு யாரையும் அழைக்காது. கல்முனையிலோ யாரும் அழைக்காமல் யாரும் எங்கும் போக மாட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "வைகறைப் பொழுதில், கீழ்வானம் சிவந்து" (இதை முடிக்கவே மனம் வரவில்லை.)

மூன்றாவது: "மருதமுனை மசூரின் புடவைக் கடையில் அந்தப் பயணம் ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது." இது பரவாயில்லை, தொடர்கிறேன்.

மசூர் புடவை சுற்றும் தாளின் உட்பக்கத்தில் வழியை வரைந்திருந்தார். மட்டக்களப்பு, ஓட்டமாவடி, வெருகல் துறை, திருகோணமலை, புல்மோட்டை. அதற்கு மேல் தாளில் இடம் இல்லாததால் ஓர் அம்புக்குறி. பயணக் கூட்டத்துக்கு ஒரு அமீரைத் தெரிந்தெடுப்பது எங்கள் வழக்கம். மசூரைத் தெரிந்தெடுத்தார்கள். எங்கே நிறுத்துவது, எப்போது தொழுவது, ஏறும்போது ஆளை எண்ணுவது எல்லாம் அமீரின் பொறுப்பு. மற்றவர்கள் காலிதீன், ஜவுபர், ஹமீட். ஜவுபர் சமையல். மீராமுகைதீன் ஓட்டம். மற்ற இருவரும் பகிடி விட்டுச் சிரிக்க.

எதற்காகப் போகிறார்கள் என்பதுதான் ஊருக்கு விளங்கவில்லை. யாவாரம் இல்லை, கந்தூரி இல்லை, கலியாணம் இல்லை. மீராமுகைதீனின் மனைவி சுபைறா கேட்டாள்:

"ஆனையப் பாக்கத்தான் போறயெண்டா இறக்காமத்துக்குப் போய் வயல் காவலுக்கு நில்லுங்களன். பொல்லும் தருவாங்க, தேத்தண்ணியும் தருவாங்க."

3.

பிழை இங்கேதான் தொடங்கியது.

பயணம் என்றால் சாப்பாடு வர வேண்டும். எங்கள் ஆட்கள் சாப்பிட்டால் சகன் வர வேண்டும். (வெளியூர் வாசகருக்கு: பெரிய வட்டத் தாம்பாளம். நடுவில் சோறு, சுற்றி ஆறு பேர். அவரவர் தம் பக்கத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டுப் போவார்கள். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது.) கலியாண வீட்டில் ஐந்து பேர்தான் சுற்றி இருந்தால் விசாரிக்கிறவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "சகன்ல ஒரு ஆள் குறையுது." வழியில் போகிறவரும் வந்து உட்காரலாம். பேர் கேட்க மாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தவரிடம் நீ யார் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு.

என் ஐவரையும் வெருகல் துறையில் சகனைச் சுற்றி உட்கார வைத்தேன். ஜீப்பை ஏற்றிப் போகும் மிதப்புப் பாதை வரும்வரை அவர்கள் சாப்பிட வேண்டும். மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் ஒரு பக்கம் வெறுமையாக இருந்து தொந்தரவு செய்தது. கடைசியில் துறையில் நின்ற ஒருவனை மசூரைக் கொண்டு கூப்பிட வைத்தேன். மெலிந்த மனிதன், தோளில் சாக்குப் பை, அதிகம் கதைக்காதவன். நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று ஜீப்பிலும் ஏறிக்கொண்டான். பேர் இல்லாமல் எழுத வராது. தண்ணீர்க் கரையில் ஏறியவன் என்பதால், பிரளயத்தில் கப்பல் விட்ட நபியின் பேரை எடுத்து நூஹு என்று வைத்தேன்.

(இந்த இடத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டேன். நல்ல எழுத்தாளனுக்கு ஆள் தானாக வந்து சேருவான் என்று.)

4.

எழுதியதில் ஒரு பகுதி:

"புல்மோட்டை தாண்டியதும் வீடுகள் நின்றுபோயின. பாலை மரமும் வீரை மரமும் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. பேர் தெரியாத ஒரு குளத்தருகே மசூர் நிறுத்தச் சொன்னார். இரண்டு மரங்களுக்கு நடுவே படங்கை இழுத்துக் கட்டினார்கள். ஜவுபர் உலை வைத்தார். குளத்தில் தண்ணீர் இருந்தது, ஆனால் ஒரு கொக்குக்கூட இல்லை. மீராமுகைதீனுக்கு அது பிடிக்கவில்லை. சொன்னால் பகிடி பண்ணுவார்கள் என்று சொல்லவில்லை. அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்க நூஹு மட்டும் தண்ணீருக்கு இறங்கினான். மற்றவர்கள் வாளியில் அள்ளி வைத்திருந்தார்கள். காற்று இல்லை, அக்கரையில் மரங்கள் அசைந்தன. பிறகு கிளை முறிகிற சத்தம், ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல். 'ஏறுங்க, ஏறுங்க' என்றார் மசூர். படங்கை விட்டார்கள், பானையை விட்டார்கள். என்ஜின் மூன்றாவது தடவைதான் பிடித்தது. மசூர் பின்னால் பார்த்துக் கேட்டார்: 'ஆறு பேரும் இரிக்கமா?' 'ஓம், ஆறு' என்று காலிதீன்"

இந்த வசனம் முடியவில்லை. ஜீப்பைப் பற்றி ஏதும் பிழை இருக்குமோ என்று, முடிப்பதற்கு முன் மீராமுகைதீன் காக்காவிடம் வாசித்துக் காட்டப் போனேன்.

5.

நடுப்பகல், லுஹர் தொழுகைக்குப் பிறகு. அவர் வீட்டு வளவில் ஜீப்பின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் பூவரசின் கீழ் வாங்குப் பலகையில் இருந்து வாசித்தேன். வெருகல் துறை வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"மெலிஞ்ச ஆள் எண்டு எழுதிரிக்கிய" என்றார். "கட்டையான ஆள். வலக் காதுக்குக் கீழ சுட்ட தழும்பு ஒண்டு."

நல்ல யோசனை என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மேலே வாசித்தேன். மசூர் ஆளை எண்ணுகிற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது பிழை தம்பி. 'அஞ்சு பேரும் இரிக்கமா' எண்டுதான் மசூர் கேட்ட."

"கதையில ஆறு பேர், காக்கா. நூஹுவயும் சேத்து."

"ஓம், ஆறு பேர்தான். ஆனா கேட்டது அஞ்செண்டு. இஞ்ச இருந்து வெளிக்கிட்டது அஞ்சு பேர்தானே. ஏறக்குள்ள இறங்கக்குள்ள அஞ்சு அஞ்செண்டு எண்ணிப் பழகின வாய். எண்ணினம். கணக்குச் சரி. ஜீப்ப எடுத்தன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நூஹு நான் உண்டாக்கின ஆள், காக்கா."

"உண்டாக்கிற அல்லாஹ். நீங்க எழுதின."

பிறகு ஜீப்பின் பின் தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடுக்கக்குள்ள தகரத்தில ரெண்டு தட்டு விழுந்திச்சு. ஒரு தட்டெண்டா நிப்பாட்டு, ரெண்டு தட்டெண்டா போ. பஸ்ஸிலயும் லொறியிலயும் அப்பிடித்தானே. நான் இறுக்கி மிதிச்சன்."

"ஆர் தட்டின?"

"உள்ளுக்கு இருந்த ஒருத்தரும் தட்டல்ல."

இருட்டி, மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஒரு ரோட்டோரப் பள்ளிவாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிவாசல்காரர்கள் சோறு கொடுத்தார்கள். ஜவுபர் அதைச் சகனில் கொட்டினார். யானைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துத் தின்றார்கள். முடிந்து பார்த்தால் ஒரு பக்கம் சோறு அப்படியே இருந்தது.

"அப்பதான் தம்பி எங்களுக்குத் தெரியும்" என்றார். "மூண்டு நாள் எங்களோட ஒரே சகன்ல திண்டவன். பின்னுக்கு மூலையில இருப்பான், கதைக்க மாட்டான். தட்டினது அவன்தான். என்ட காதுக்கு அது 'போ' எண்டு கேட்டிச்சு."

தேத்தண்ணி கொண்டு வந்த சுபைறா கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"எட்டு வருசமா எனக்குச் சொன்ன ஆனைக் கதையத்தான்" என்றாள்.

கலியாண வீடுகளில் இந்த மனிதர் சகனில் உட்காராமல், வயிற்று வருத்தம் என்று ஒரு கோப்பையில் போட்டு மூலைக்குப் போவதை நானே கண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஏனென்று விளங்கியது.

6.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. பேய் பிசாசு என்று போக வேண்டாம். ஐந்து பேர் சகன் விரித்தால் ஆறாவது ஆளைக் கூப்பிடுவார்கள். இந்தக் கரையில் பிறந்த யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். நான் உண்டாக்கவில்லை, ஊர் வழக்கம் உண்டாக்கியது. பகலில் இந்த விளக்கம் எனக்குப் போதுமாக இருக்கிறது.

ஜவுபர் மௌத்தாகி அடங்கிவிட்டார். காலிதீனும் ஹமீடும் கட்டார் நாட்டில் வேலை. மசூரைத் தேடிப் போனேன். சாரன் துணி அளந்துகொண்டிருந்தார். நான் கேட்டு முடியும்வரை முழக்கோலை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"அஞ்சு பேர் போனம். அஞ்சு பேர் வந்தம். இதில பொய் இரிக்கா?"

"இல்ல."

"நான் அமீர். எண்ணுறது என்ட கடம. எண்ணினன், சரியா வந்திச்சு. அல்லாஹ்ட்டயும் அதத்தான் சொல்லுவன்."

"பள்ளிவாசல்ல தெரிஞ்ச பிறகு திரும்பிப் போயிருக்கலாமே?"

"இருட்டு. ரெண்டு மணித்தியால ஓட்டம். விடியப் பாப்பமெண்டன். விடிஞ்சாப் போல ஆனை இன்னும் அங்கதான் நிக்குமெண்டன். மறுகா வவுனியாப் பாதையால வந்திட்டம்." அவர் துணியை மடித்தார். மடிப்புச் சரிவரவில்லை, பிரித்து மறுபடி மடித்தார். "அவன் ஆரெண்டும் தெரியாது. ஆர்ட்டப் போய்ச் சொல்லுற? ஆளக் கதையில இருந்து எடுத்திருங்க. சகன் கதையையும் எடுங்க."

"அவன்ட பேர் என்ன?"

மசூர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"கேக்கல்ல" என்றார்.

7.

முடிவுகள்.

(அ) மசூர் சொன்னபடி ஆறாவது ஆளை எடுத்துவிடுவது. எடுத்துப் பார்த்தேன். நல்ல சிரிப்புக் கதை. அச்சுக்கு அனுப்பலாம். ஆனால் ஜீப் புறப்படும் வசனத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தகரம் கேட்கிறது.

(ஆ) அவன் நடந்து புல்மோட்டை ரோட்டுக்கு வந்து, ஒரு லொறியைப் பிடித்து, இன்றைக்கு எங்கேயோ மூன்று பிள்ளைகளின் வாப்பாவாக இருக்கிறான். இதை நம்ப எனக்கு ஆசை. ஆசையால் எழுதியது என்று வாசிக்கும்போதே தெரிகிறது.

(இ) போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மீராமுகைதீன் காக்கா நேராக என் கந்தோருக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ரோட்டால இனிப் போகேலா தம்பி. ஓட்டமாவடி தாண்ட விடமாட்டானுகள். உங்கட கதையால போகலாமே. ஜீப்பத் திருப்பி எழுதுங்க."

எழுதினேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினேன்:

"பள்ளிவாசலில் மீராமுகைதீன் சகனை விட்டு எழுந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கையைக் கழுவாமலே ஜீப்பைத் திருப்பினார். வரும்போது இரண்டு மணித்தியாலம் எடுத்த பாதை போகும்போது முடிவதாக இல்லை. குளத்தடியில் படங்கு கிழிந்து கிடந்தது. பானை நசிந்திருந்தது. அடுப்பை யாரோ மண் போட்டு ஒழுங்காக அணைத்திருந்தார்கள். அவர் குளக்கட்டில் ஏறினார். அக்கரையைப் பார்த்துக் கூப்பிட வாயைத் திறந்தார்."

இதற்கு மேல் போகவில்லை. வாசித்துக் காட்டினேன்.

"நூஹு எண்டு கூப்பிட்டா இந்தப் பக்கம் கிறுகிப் பாப்பானா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பொய் சொல்ல எனக்கு வரும், கதை எழுதுகிறவன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"பேர் இல்லாம அல்லாஹ்ட்ட எப்பிடித் தம்பி துஆக் கேக்கிற?" என்றார். உயிரோடு ஹயாத்தாக இருக்கிறவனுக்கா, மௌத்தானவனுக்கா என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரியாது. அதுதான் அவரைத் தின்கிறது.

அவர் போன பிறகு மூன்று பேர்களை எழுதி மூன்றையும் வெட்டினேன். இனி இது என்னால் முடிகிற கதை இல்லை. ஆகையால் வாசிக்கிறவரே, உங்களிடம் கேட்கிறேன். வெருகலிலோ, மூதூரிலோ, அதற்கு அப்பாலோ நீங்கள் இருக்கலாம். 1978இல், நோன்புக்கு முன்பு, சாக்குப் பையும் தோளுமாக உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போனாரா? கட்டையான ஆள், வலக் காதுக்குக் கீழே சுட்ட தழும்பு, அதிகம் கதைக்க மாட்டார். திரும்பி வரவில்லையா?

அப்படியென்றால் அவருடைய பேரைச் சொல்லுங்கள். மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். மீராமுகைதீன் காக்கா குளக்கட்டில் வாயைத் திறந்தபடி நிற்கிறார். நீங்கள் சொல்வதையே அவரும் கூப்பிடுவார். அக்கரையிலிருந்து பதில் வந்தால், அந்தக் குரலை அடையாளம் தெரிந்த ஆள் நீங்கள் மட்டும்தான்.