கெட்டிமேளத்துக்குக் கீழே

துவாரகாவின் கலியாண வீடியோவைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பியில் அவளுடைய வீட்டில் செல்லோ வாத்தியம் கேட்கத் தொடங்கியது. டீவியை நிற்பாட்டினாலும் கேட்டது. அவள் படியேறினால் கூடவே ஏறியது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் கொஞ்சம் பொறுத்திருந்து ஒரு சுரம் உயர்ந்தது. ஹீட்டிங் பார்க்க வந்தவன் குழாய்களைத் தட்டிவிட்டு, பிழை ஒன்றுமில்லை, இது பின்னணி இசை என்று எழுதிக் கொடுத்தான். மாப்பிள்ளை ராகுலன் அந்தத் தாளை லாச்சியில் பூட்டி வைத்தான். மனைவியின் ஃபோனும் பாஸ்போர்ட்டும் ஏற்கனவே அங்கேதான் இருந்தன.

ரொறன்ரோவின் ரூஜ் பக்கம் இருந்த தாய் யோகமலருக்குப் பொறுக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த கலியாணம். வீடியோ எடுத்த பஸ்ரியனின் ஸ்டூடியோவுக்குப் போய் அவன்மேல் ஏறி விழுந்தார்.

"கோவிக்காதேங்கோ அன்ரி, மியூசிக் போட்டது நானில்லை, உவர்தான்" என்று அவன் மூலையில் இருந்த வெள்ளைக்காரரைக் காட்டினான்.

பொகுமில் என்ற அந்தக் கிழவர் பிராகில் நாற்பது வருடம் படங்களுக்கு இசையமைத்தவர். அரசாங்கத்தின் சர்க்கரைக்கிழங்கு விவரணப் படத்துக்கு அவர் போட்ட மெட்டால் அந்த வருடம் கிழங்கு வண்டி கொள்ளாமல் விளைந்தது. பிறகு பொம்மைப் படங்கள், மலைகளில் எடுத்த கௌபாய் படங்கள், சவர்க்கார விளம்பரம், கடைசியாக முப்பத்தொரு பேய்ப் படங்கள். மூன்றாவது மனைவியின் பின்னால் ரொறன்ரோ வந்து, அவள் விட்டுப் போனபின் தமிழர்கள் பெண்பிள்ளைகளுக்குச் செய்யும் சாமத்தியவீட்டு வீடியோக்களுக்கும் கலியாண வீடியோக்களுக்கும் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதினால் நடக்கும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"தாலி கட்டுற இடத்தில ஆராவது பேய் மியூசிக் போடுவினமோ? மாத்தச் சொல்லு!" என்றார் யோகமலர் பஸ்ரியனிடம்.

எழுதியதை மாற்ற முடியாது என்றார் பொகுமில். நாளுக்கு நாள் சுரம் ஏறுகிறது, வெள்ளிக்கிழமை உச்ச சுரத்துக்கு வரும், தன்னுடைய படங்களில் அந்த இடத்தில் ஒருவர் சாவது வழக்கம் என்றும் சொன்னார். அன்று புதன். ஏன் இப்படிச் செய்தாய் என்று யோகமலர் கத்தினார். கிழவர் ஹெட்ஃபோனை நீட்டினார். இசையமைக்க முன்னர் இருக்கிற சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பது அவருடைய பழக்கம். கலியாண ஒலிப்பதிவிலிருந்து தவிலை எடுத்தார். நாதஸ்வரத்தை எடுத்தார். மணியை எடுத்தார். மிஞ்சியது துவாரகாவின் குரல்.

"அம்மா, எனக்கு ஏலாது. பிளீஸ், ஸ்டொப் பண்ணச் சொல்லுங்கோ."

அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாதென்றுதான் அந்த நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுவது. திரையில் மகளின் வாய் அசைந்தது. வீடியோவில் அவள் பக்கத்தில் நின்ற யோகமலர் உடனே மேளகாரரைப் பார்த்து, இன்னும் பலமாக என்று கையை உயர்த்தினார். ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் தனக்குத்தானே சொல்லி வந்தார். கேட்டது. ஒரு சொல் தவறாமல் கேட்டது.

விட்பிக்குக் காரை மிதித்தார். செல்லோ தெருமுனை வரை கேட்டது. அயலவர்கள் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். ராகுலன் கதவைப் பாதி திறந்தான்.

"ஃபோன் பண்ணாமல் வரவேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ, மாமி?"

அவனுக்குப் பின்னால் படியில் துவாரகா அசையாமல் நின்றாள். சுரம் ஏறிக்கொண்டே போனது.

"பிள்ளை, வா" என்றார் யோகமலர். "நீ சொன்னது அம்மாவுக்கு அண்டைக்கே கேட்டது."

செல்லோ முதன்முறையாக ஒரு சுரம் இறங்கியது. துவாரகா வெறுங்காலோடு ராகுலனைத் தாண்டி வந்து காரில் ஏறினாள். அவன் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. செல்லோவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டது. பெல்ட் போடச் சொல்லிக் கார் விடாமல் கத்தியது. துவாரகா எட்டி அதற்கும் பெல்ட்டை மாட்டினாள்.