நாலாவது கூட்டத்தில் விட்டுப்போன வாக்கியம்

அந்த வருடம் தை பிறந்ததிலிருந்தே சௌரிராஜனுக்குத் தொண்டை சரியில்லை. வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணத்தைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பது போதாதென்று, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆரப்பாளையத்து லாட்ஜ் ஒன்றின் மாடி ஹாலில் மைக் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

1984. மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் வயலுக்குள் மஞ்சள் கல் ஊன்றிக் கிடந்த காலம். என்ஜினீயர்களும் மனை போட்டு விற்கிறவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நகர வளர்ச்சி பற்றி அந்தச் சங்கம் ஆறு கருத்தரங்குகள் நடத்த ஏற்பாடாயிற்று. பேச வருகிறவர்கள் மெட்ராஸ், கோயமுத்தூர் ஆட்கள். இங்கிலீஷில்தான் பேசுவார்கள். ஆனால் பொதுமக்களும் வரலாம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டதால், தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

சங்கச் செயலாளர் பட்டாபிராமன் அரசாங்கத்தில் பெரிய என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சௌரிராஜன் மொழிபெயர்த்ததை ஒருமுறை கேட்டிருந்தார். "நாலு வார்த்தை தமிழ்ல சொல்லணும் ஓய், அவ்வளவுதான்" என்று வீடு தேடி வந்து கேட்டார். சௌரிராஜனுக்கு மறுக்கத் தெரியவில்லை. மஹாலுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ். ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அவருக்குக் கால் மாற்றி நிற்பது போலத்தான்.

முதல் கூட்டம் பிடித்திருந்தது. இரண்டாவதில் முக்கால்வாசி முதல் கூட்டத்தின் பேச்சே. மூன்றாவதில், பேசுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 'இன்னும் பத்து வருடத்தில்' என்று ஆரம்பிப்பார்கள். ஊர் நாலு பக்கமும் விரியும் என்பார்கள். நிலம் பெருகாது, ஜனம் பெருகும் என்பார்கள். எல்லாவற்றையும் அவர் தமிழில் சொல்ல வேண்டும். முன்வரிசை என்ஜினீயர்கள் அவர் பேசும்போது தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பின்வரிசைகளில் இருந்த தரகர்களும், ரிட்டயர் ஆனவர்களும், மில் தொழிலாளிகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது கூட்டம் மாசிக் கடைசியில் நடந்தது. வெயில் ஏறி ஹால் தகரம் போலக் காய்ந்தது. அன்றைக்குப் பேசியவர் சிவசங்கரன் என்று மெட்ராஸிலிருந்து வந்த என்ஜினீயர். மண்ணும் வடிகாலும் அவர் படிப்பு. சுவரில் மாட்டிய வரைபடத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். பன்னிரண்டே முக்காலுக்குக் கோச்சடைப் பக்கத்து நிலத்துக்கு வந்து சேர்ந்தார். மண் நல்ல மண், வீடு தாங்கும், பயமில்லாமல் கட்டலாம் என்றார். கூடவே, மேற்கு ஓரமாகப் போகிற பழைய வாய்க்காலை மூடாமல் வைத்திருந்தால் மட்டும் என்றார். எல்லாம் ஒரே வாக்கியம்.

கீழேயிருந்து சாம்பார் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. சௌரிராஜனுக்கு உமிழ்நீர் விழுங்கினால் முள் குத்தியது. "கோச்சடைப் பக்கம் மண் நல்ல மண், பயமில்லாமல் வீடு கட்டலாம் என்கிறார்" என்று சொல்லி நிறுத்தினார்.

நிறுத்திய நிமிடமே தெரிந்தது, வால் விட்டுப்போயிற்று என்று. ஆனால் சிவசங்கரன் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். கடைசியில் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று சௌரிராஜன் நினைத்தார். கடைசியில் யாரோ நன்றியுரைக்கு எழுந்தார்கள், நாற்காலிகள் இழுபட்டன, பந்திக்கு இலை போட்டாயிற்று. அவரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஐந்தாவது கூட்டம் முடிந்து அவர் மாடிப்படி இறங்கும்போது காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வழிமறித்துக் கும்பிட்டார்.

"சார், எம்பேரு நல்லகாமன். அலங்காநல்லூர் ரூட்டு பஸ் டிரைவரு. கோச்சடையில ரெண்டே கால் சென்ட்டு வாங்கி முடிச்சுப்புட்டேன் சார். ஒங்களாலதேன்."

"என்னாலயா?"

"அந்த மெட்ராஸ்காரரு பேசுனது நமக்கு என்னத்த வெளங்குச்சு? பயமில்லாமக் கட்டலாம்னு நீங்க சொன்னீகள்ல, அது போதும்னு வீட்டுக்காரி முத்துத்தாய் சொல்லிட்டா. வைகாசியில வீட்டுக்கு வானம் தோண்டுறோம். நீங்க வரணும்."

சௌரிராஜன் தலையை ஆட்டினார். அன்று ராத்திரி வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சூடாமணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கோச்சடைக்குப் பஸ் ஏறினார். கல் ஊன்றிய மனைகளுக்கு மேற்கே வாய்க்கால் இருந்தது. பாதி தூரம் இருந்தது என்று சொல்ல வேண்டும். மீதியை டிராக்டர் கொண்டுவந்து கொட்டிய இடிசலும் மண்ணும் மூடியிருந்தன. ரோடு போடுவதற்கு என்றான் அங்கே நின்ற காவல்காரன்.

அங்கிருந்து நேரே பட்டாபிராமன் வீட்டுக்குப் போனார். விஷயத்தைச் சொல்லி, ஆறாவது கூட்டத்தில் ஒரு நிமிடம் கொடுத்தால் திருத்திச் சொல்லிவிடுவதாகக் கேட்டார்.

பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வார்த்தை முன்னே பின்னே போறது சகஜம் ஓய். கடைசிக் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வரா. அந்தக் கோச்சடை மனை போட்டவர்தான் ஆறு கூட்டத்துக்கும் சாப்பாடு போடறார். அவரை வெச்சுண்டு இதை நான் எப்படிச் சொல்லச் சொல்றது?"

"ஜனங்க என் வாயைப் பார்த்து வாங்குறாங்க சார்."

"உங்க வாயைப் பார்த்து இல்லை. விலையைப் பார்த்து வாங்கறா. போய் உடம்பைப் பார்த்துக்கோங்கோ."

ஆறாவது கூட்டத்தில் அவரை மைக்கிடமே விடவில்லை. 'தொண்டை சரியில்லாததால்' என்று அறிவித்து, ஒரு காலேஜ் விரிவுரையாளரை நிறுத்தியிருந்தார்கள். சௌரிராஜனுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டே அவர் பின்வரிசையில் நல்லகாமனைத் தேடினார். டியூட்டி போலிருக்கிறது, வரவில்லை.

சால்வையை வீட்டில் வைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி ஆரப்பாளையத்துக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். மூன்றாவது நடையில் நல்லகாமன் பஸ்ஸை நிறுத்தி டீக்கடைக்கு இறங்கினார். சௌரிராஜன் சுற்றி வளைக்காமல் சொன்னார். மெட்ராஸ்காரர் என்ன சொன்னார், தான் எதை விட்டார், வாய்க்கால் இப்போது எப்படிக் கிடக்கிறது, எல்லாம்.

நல்லகாமன் கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னைக்கே ஏஞ் சார் சொல்லல?"

"களைப்பா இருந்துச்சு."

"களைப்பா?" நல்லகாமன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "நான் காலையில நாலு மணிக்கு வண்டி எடுத்தேன் சார். களைப்பா இருக்குன்னு பிரேக்குலருந்து கால எடுத்துரலாமா? அம்பது சனம் பின்னால உக்காந்திருக்கு."

கண்டக்டர் விசில் கொடுத்தார். நல்லகாமன் டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டார்.

நாலு நாள் கழித்து, எதிர்பாராமல், நல்லகாமன் மஹாலுக்குப் பின்னால் தெரு விசாரித்து வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மனை போட்டவரு நிலத்தத் திருப்பி வாங்க மாட்டேங்கிறாரு. மனை வாங்குன ஏழு பேரு சேந்துட்டோம். மனு எழுதணும். இங்கிலீசுலயும் தமிழ்லயும். ஒரு வார்த்தை விடாம."

சௌரிராஜன் அன்றைக்கே எழுதினார். இரண்டு நாள் லீவு போட்டு அவர்களோடு ஆபீஸ் ஆபீஸாகப் போனார். ஒரு மேசையில் வேறு மேசையைக் காட்டினார்கள். வேறு மேசைக்காரர் லீவில் இருந்தார். சிவசங்கரனுக்குக் கடிதம் எழுதி, தான் சொன்னது இதுதான் என்று அவர் கையெழுத்திட்ட பதிலை வாங்கி மனுவோடு சேர்த்தார். பங்குனி போய், சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு, மனை போட்டவர் ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய் பதிக்கச் சம்மதித்தார். குழாய் மூன்றடி அகலம் வேண்டும் என்று மனுவில் எழுதியிருந்தது. பதித்தது ஒன்றரை அடி. அதற்கு மேல் போராட யாருக்கும் தெம்பில்லை.

நல்லகாமன் மட்டும் அஸ்திவாரத்தை இரண்டடி உயர்த்திக் கட்டினார். மேல்கொண்டு ஏற்றிய கல்லின் செலவில் முன்னறை நினைத்ததைவிடச் சின்னதாகிவிட்டது. வீட்டில் குடிபுகுந்தபோது சௌரிராஜனுக்குப் பத்திரிகை வந்தது. போனார், மொய் எழுதினார், முத்துத்தாய் இலைக்குப் பரிமாறினாள், முகம் பார்க்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, நாலாம் நாள் காலையில் தூறலானது. அன்று ஞாயிறு. சூடாமணி, தொண்டையை வைத்துக்கொண்டு இந்த மழையில் எங்கே என்று கேட்கக் கேட்கவே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கோச்சடையில் தெருவுக்குள் முழங்கால் தண்ணீர். குழாய் வாயில் வைக்கோலும் சாக்கும் அடைத்துக்கொண்டு, வாய்க்கால் பின்னுக்கு ஏறியிருந்தது. நல்லகாமன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். கூட மூன்று பேர். சௌரிராஜன் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்.

"ஏன் சார் நீங்க?" என்றார் நல்லகாமன்.

"கையில குடுங்க, நான் இழுத்துப் போடுறேன்."

ஒரு சாக்கை இழுத்தால் இன்னொரு சாக்கு வந்தது. பதினொரு மணிவாக்கில் குழாய் ஒரு பெரிய உறிஞ்சலோடு விட்டுக்கொடுத்தது. தண்ணீர் கலங்கிச் சுழன்று மெதுவாக வடிய ஆரம்பித்தது. நல்லகாமன் வீட்டுக்குள் தண்ணீர் புகவில்லை. கடைசிப் படியோடு நின்றுவிட்டது. தாழ்வாகக் கட்டிய நாலு வீடுகளில் கட்டில் மேல் கட்டில் போட்டு, பாத்திரங்களை அதன் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் புதுச் சுவர் ஓரமாக விரிசல் விட்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, வாசலில் நின்று விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நாலாவது கூட்டத்துக்கு வந்தவர்தான். சௌரிராஜனைக் கண்டதும் கும்பிட்டார். மனு போட்ட ஏழு பேரில் அவர் இல்லை; அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

சௌரிராஜன் ஈர வேட்டியோடு அவர் பக்கத்தில் போய் நின்று, எல்லாவற்றையும் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னார். அந்த மனிதர் பாதியிலேயே தளர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். "இப்பச் சொல்லி என்ன சார்" என்றார், கோபமில்லாமல்.

முத்துத்தாய் ஒரு சொம்பு சுடுதண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கமாக வைத்தாள். "தொண்டைக்குக் குடிங்க. கரகரன்னு இருக்கு" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். கூட்டமில்லை, ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கியது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய் நின்று, எல்லோரும் இறங்கிய பிறகு, கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பினார்.