சிலிப்பர் கட்டைகள் இறங்கும் இடம்

பேரிருள்சோலை தேசியப் பூங்காவுக்கு அந்த வருடம் வந்த பார்வையாளர்களில் பெரும்பாலோர் மரங்கள். ஒரு காலத்தில் அங்கே நின்று, வெட்டுப்பட்டு, வெளியூர்களில் உழைத்து, ஓய்ந்து திரும்பியவர்கள். வரிசையில் வந்தார்கள். டிக்கெட் எடுத்தார்கள். குப்பை போடவில்லை. ஆகவே பூங்கா ஊழியர்களுக்கு அவர்கள் மேல் புகார் ஏதும் இல்லை.

அவர்களை ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோவது நாச்சிமுத்துவின் வேலை. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மலைப்பாதையில் வண்டி ஓட்டியே இடுப்பு தேய்ந்துபோயிருந்தது. முன்பெல்லாம் யானையைக் காட்டு, புலியைக் காட்டு என்று நச்சரிக்கிற குடும்பங்களை ஏற்றிப் போவார். மரங்கள் எதையும் காட்டச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

முதலில் வந்தவை சிலிப்பர் கட்டைகள். தண்டவாளத்துக்கு அடியில் படுத்துக் கிடந்தவை. சிமென்ட் கட்டைகள் வந்ததும் ரயில்வேயில் இவற்றைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு தேக்குக் கட்டை முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டு தோளிலும் ஆணி இறங்கிய ஓட்டை. கைக்குட்டையைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தது.

"எங்கீங்க எறங்கோணும்?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"ஓடையத் தாண்டுனதும் ஒரு வளைவு வருமே, அங்க."

"அங்க ஒண்ணுமே இல்லீங்களே. வெறும் குழி."

"அது நாந்தான்."

வண்டி மேலே ஏறியது. கட்டை வெளியே பார்த்துக்கொண்டே வந்தது.

"யானையக் கட்டித்தான் என்னையக் கீழ இழுத்தாங்க," என்றது. "துரை குதிர மேல உக்காந்து பாத்துட்டு இருந்தான். பாவம், அந்த யானைக்கு இஷ்டமே இல்ல."

"பொறவு?"

"பொறவு ரயிலு."

"அப்புறம்?"

"ரயிலுதான்."

வளைவில் இறங்கியது. பழைய செருப்பில் காலை நுழைப்பதுபோலக் குழிக்குள் காலை வைத்தது. கண்ணை மூடிக்கொண்டது. இலை ஒன்றும் துளிர்க்கவில்லை. துளிர்க்க வேண்டும் என்று அது கேட்கவும் இல்லை.

அதன் பின் தினமும் வந்தார்கள். பெயர்களைக் கீறிக் கீறித் தழும்பேறிய பள்ளிக்கூட பெஞ்சு வந்தது. பம்பாயில் கட்டிய கப்பலின் பலகை வந்தது. அது உட்கார்ந்த சீட் அதற்குப் பிறகு காயவே இல்லை. நீதிமன்றத்துச் சாட்சிக் கூண்டு ஒன்று வந்தது. அது வழி நெடுக வாயே திறக்கவில்லை. கேட்டதெல்லாம் பொய் என்று மட்டும் இறங்கும்போது சொன்னது.

சாயங்காலம் ஜீப் காலியாகத் திரும்பும். ரேஞ்சர் அமலநாதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய பழைய நாற்காலி ஈட்டி மரம். அது போன மாதமே மலைக்குப் போய்விட்டது. பிளாஸ்டிக் எங்கும் போகாது.

"மேல போன தலையும் கீழ வந்த தலையும் சரியா இருக்கணும் நாச்சிமுத்து," என்றார் ரேஞ்சர்.

"அவங்க மரமுங்க சார்."

"டிக்கெட் எடுத்தா பார்வையாளர். பார்வையாளர் காட்டுல தங்கக் கூடாது."

"மரம் காட்டுல தங்கக் கூடாதுங்களா?"

"நானா சட்டம் போட்டேன்?" ரேஞ்சர் கண்ணைக் கசக்கினார். அவரும் சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது. "யாரையாவது கூட்டிட்டு வாங்க. எனக்குத் தலை இருந்தாப் போதும்."

மறுநாள் அந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்தது. மலை உச்சியில் தைலமரங்கள் பாதையோரம் வந்து நின்றிருந்தன. துரைமார் புல்வெளியை அழித்து நட்டவை. உயரமானவை. ஜீப்பில் ஏறும்போது குனிந்து குனிந்து ஏறின. வண்டி முழுக்கத் தலைவலித் தைலம் மணத்தது.

"நீங்க எங்கீங்க?"

"ஊருக்கு."

"எந்த ஊரு?"

"தெரியாது. கப்பல்ல வந்தோம். எதுக்குன்னு யாரும் சொல்லல. இப்ப எங்கள அந்நியம்னு போர்டு வெச்சிருக்காங்க."

அவர்களை வாசலில் இறக்கினார். ரேஞ்சர் தலைகளைப் பார்த்தார். சரியாக இருந்தது. தைலமரங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் வரிசையில் நின்றன. எந்தப் பேருந்து என்று தெரியாததால் வந்த எதிலும் ஏறவில்லை.

நாச்சிமுத்துவின் வீடு பூங்கா குடியிருப்பில் இருந்தது. அவருடைய மனைவி துளசிமணி பூங்கா கேண்டீனில் சமையல். காலையில் அடுப்புக்கு முன்னால் நின்றால் மாலையில்தான் நகர்வாள். வீட்டுக்கு வந்து மறுபடியும் நிற்பாள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. சண்டை போடுகிற தெம்பும் இல்லை. ஆகவே அன்பாக இருந்தார்கள்.

அவர்கள் வீட்டில் முதலில் கட்டில் போனது. பிறகு மத்தும் பலகையும் ஒன்றாகப் போயின. ஒரு காலையில் இட்லி சாப்பிட்டு முடித்தபோது வாசல் கதவு கீலை விட்டு இறங்கி வந்து நின்றது.

"நானும் வர்றேன்," என்றது.

"நீ போய்ட்டா நான் எதையச் சாத்துறது?" என்றாள் துளசிமணி.

"தொறந்தாச்சு. சாத்தியாச்சு. போதும் அம்மிணி."

துளசிமணி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுக் கதவையே பார்த்தாள். பிறகு ஈரத்துணியால் அதன் முகத்தைத் துடைத்து அனுப்பிவைத்தாள்.

சில நாட்கள் கழித்து, வேலைக்குப் போகிற சேலையில் வந்து ஜீப் அருகில் நின்றாள். கையில் டிக்கெட் இருந்தது.

"ஏனுங்க, இன்னிக்கு நானும் வர்றனுங்க."

"நீ மரமில்லயே அம்மிணி."

"நிக்கத் தெரியுமுங்க."

"இங்கயும் நின்னுட்டுத்தான இருக்கற?"

"அதுதானுங்க. நாளெல்லாம் நிக்கறேன். ஒரு நாளும் நின்ன மாதிரியே இல்லீங்க."

நாச்சிமுத்து முன்சீட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கையால் தட்டிவிட்டார். அவள் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் பழனிக்குப் பேருந்தில் போனதற்குப் பிறகு இருவரும் அருகருகே உட்கார்ந்து எங்கும் போனதில்லை. பாதை அன்று வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஓடை வந்தது. மறுபடியும் அதே ஓடை வந்தது. நாச்சிமுத்து வேகத்தைக் கூட்டவில்லை. நீளட்டும் என்று இருந்தது.

சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் அவள் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"வாங்க. பாத்துக்கலாம்."

சாயங்காலம் அவள் கணுக்கால் வரை மண்ணில் இருந்தாள். கெண்டைக்காலில் பாசி படர்ந்திருந்தது. முகத்தில் அவர் முன்பு பார்த்திராத ஒரு நிதானம். கையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்.

"வலிக்குதுங்க," என்றாள்.

கையை விட்டுவிட்டார்.

"வூட்டுல சோத்துக்கு என்ன பண்றது?" என்றார். கேட்ட பிறகு, கேட்க நினைத்தது அதில்லை என்று தோன்றியது. சரியானது எது என்று யோசிப்பதற்குள் ஒரு தைலமரம் குனிந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டது.

ரேஞ்சர் வாசலில் தலைகளைப் பார்த்தார். "சரியா இருக்கு," என்றார்.

"சார், என்ற சம்சாரம் மேல இருக்குதுங்க."

"சரியா இருக்கே நாச்சிமுத்து."

நாச்சிமுத்து வீட்டுக்குப் போனார். கதவு இல்லாத வாசல் வழியாகக் காற்று உள்ளே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கமாகப் போனது. சோறு வடித்தார். குழைந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளும் வண்டி ஓட்டினார். அதற்கு மறுநாளும். அந்த இடம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைப்பார். அவள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயரமாக இருந்தாள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதலில் "சாப்பிட்டீங்களா?" என்றாள். பிறகு "சாப்பாடு?" என்றாள். பிறகு வெறுமனே தலையை அசைத்தாள். அது காற்றா அவளா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் அங்கே வண்டியை நிறுத்தி இறங்கினார். ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே விரல்கள் மடங்கியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். கீழே போவதற்காக ஒரு தைலமரம் காத்துக்கொண்டிருந்தது. அதனிடம் சாவியைக் கொடுத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே," என்றது அது.

"எறக்கந்தான். பிரேக்க மட்டும் பாத்துக்கங்க."

"ரேஞ்சர் கேட்டா?"

"தலை சரியா இருக்கும்."

ஜீப் போன சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவர் துளசிமணியின் பக்கத்தில் போய் நின்றார். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"அம்மிணி."

"ம்."

"அன்னைக்கி சோத்தப் பத்திக் கேட்டிருக்கக் கூடாது."

மேகம் ஒன்று அவர்களுக்கு நடுவே நுழைந்து வெளியே போனது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "வேர் விட எடம் வேணும்."

தள்ளி நின்றார். இடுப்பு வலித்தது. பிறகு வலி கீழே இறங்கி, முழங்காலுக்கு வந்து, பாதத்துக்கு வந்து, மண்ணுக்குள் போய்விட்டது.

ஒரு ஜோடி இருவாச்சிப் பறவைகள் சத்தமாகச் சிறகடித்து வந்தன. ஆண் பறவை நாச்சிமுத்துவின் தோளில் இறங்கியது. பெரிய அலகால் அவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தது. காதை வைத்துக் கேட்டது.

"பொந்து இல்ல," என்று சொன்னது.

பெண் பறவை துளசிமணியின் தோளில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

"வரும்," என்றது அது. "இப்பத்தானே நிக்க ஆரம்பிச்சிருக்காங்க."

இரண்டும் சிறகை மடக்கிக்கொண்டு காத்திருந்தன.