சார்ஜ் எடுத்த சிஸ்டர்

பெண்கள் வார்டுக்கு ஏஞ்சல் மின்சாரம் ஏற்றினாள் என்றது கம்ப்யூட்டர். இரவுப் பணியின் மின்சாரத்தை மூன்று வருடம் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுப் போகும்போது அந்த மின்சாரத்தை முறைப்படி ஒப்படைத்தாள். அவள் மேல் மின்சாரம் எதுவும் நிலுவையில் இல்லை.

இவ்வளவும் ஸ்வீடிஷ் மொழியில், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

காவேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். மின்சாரம் அப்படியேதான் இருந்தது.

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைப் பார்த்த மூன்றாவது மாடியில் இயங்கும் அந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஸ்வீடிஷ் தெரிந்த ஒரே ஆள் காவேரி. கணவரின் வேலைக்காக ஏழு வருடம் கோதன்பர்க்கில் குளிரில் விறைத்துவிட்டு வந்ததில் மிஞ்சியது அந்த மொழிதான். ஏஞ்சல் யாரோ எவளோ இல்லை. காவேரி பத்து வருடமாக மீன் வாங்கும் பட்டினப்பாக்கம் அந்தோணியம்மாளின் மகள். அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து போன வாரம் விலகியவள். ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒன்றரை வருடம் உட்கார்ந்து மொழி படித்து, பரீட்சை எழுதித் தேறி, எல்லாக் காகிதத்தையும் ஏற்றிவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்றுதான். மருத்துவமனையின் அனுபவச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு நிறுவன முத்திரையோடு ஸ்வீடிஷில்.

அந்தச் சான்றிதழ் நேற்று சாயங்காலம்தான் அவள் கைக்கு வந்தது. விண்ணப்பப் பக்கம் இன்று நம் நேரம் மூன்றரைக்கு மூடிவிடும். இப்போது பத்தரை.

சிக்கல் சார்ஜ் என்ற சொல்லில். நம் ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்திவிடலாம். போனுக்கு சார்ஜ், வார்டுக்கு இன்சார்ஜ், டாக்டருக்குக் கொடுப்பது சார்ஜ், தப்பு செய்தவன் மேல் சார்ஜ் ஷீட். இதுவரை யாரும் குழம்பியதில்லை. ஸ்வீடன்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாத்திரம் வைத்திருக்கிறார்கள். பொறுப்புக்கு அன்ஸ்வார், கட்டணத்துக்கு ஆவ்யிஃப்ட், வழக்குக்கு ஓதால், பேட்டரிக்கு லத்னிங். ஏஞ்சலின் சான்றிதழில் சார்ஜ் நாலு இடத்தில் வந்தது. முதல் மூன்றும் பொறுப்பு, கடைசி ஒன்று குற்றச்சாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கம்ப்யூட்டர் மட்டும் நாலையும் பேட்டரியில் கொண்டுபோய்ச் செருகியிருந்தது.

காவேரி லத்னிங்கை அழித்து அன்ஸ்வாரைப் போட்டாள். திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட சொல் அல்ல.' அடுத்த இரண்டிலும் அதையே போட்டு, கடைசியில் ஓதாலைப் போட்டாள். நாலு சிவப்புக் கோடு. முத்திரை எண் கேட்கும் பொத்தானை அழுத்தினால், அது அழுந்தவே இல்லை.

எழுந்து மேலாளர் பிரசாத்தின் அறைக்குப் போனாள். பிரசாத் முப்பத்தைந்து வயதுக்காரர். எதற்கும் பதறாதவர். அதுதான் அவரிடம் மற்றவர்களைப் பதற வைக்கும் குணம்.

"பிரசாத், கம்ப்யூட்டரோட ஸ்வீடிஷ் சொல் பட்டியல்ல சார்ஜுக்கு ஒரே வார்த்தைதான் இருக்கு. பேட்டரி கம்பெனிக்காகப் போட்டது. அதைத் திறந்து விடுங்க."

"அது லாக்டு மேடம்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

"நான் திறக்க முடியாது. அந்த கிளையண்ட்டோட ஆள் ஸ்வீடன்லேர்ந்து ஓகே குடுக்கணும். கொஸ்டின் ஷீட் போடுங்க, மூணு வேலை நாள்ல பதில் வரும்."

"ஒரு நர்ஸோட சான்றிதழுக்குப் பேட்டரிக்காரன் எதுக்கு ஓகே குடுக்கணும்?"

"ஸ்வீடிஷுக்கு நம்மகிட்ட ஒரே பட்டியல்தானே மேடம். ஒரே கிளையண்ட், ஒரே ட்ரான்ஸ்லேட்டர்."

"அந்த ட்ரான்ஸ்லேட்டர் நான்தான். நான் சொல்றேன், இந்த இடத்துல அது தப்பு."

பிரசாத் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மின்னஞ்சல். 'பகுதி நேரத்துக்கு வந்தவர் ஒரே கையேட்டில் சார்ஜுக்கு மூன்று விதமாக எழுதியிருக்கிறார். இனி ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான். யார் கேட்டாலும் திறக்காத மாதிரி பூட்டிவிடுங்கள். நான் கேட்டாலும்கூட.' கீழே கையெழுத்து: காவேரி.

"நான் கேட்டாலும்கூட," என்று பிரசாத் கடைசி வரியை மரியாதையாகப் படித்துக் காட்டினார்.

தன் வாயே தனக்கு எமன் என்பதை இவ்வளவு தெளிவாக, தேதி போட்டு யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. இருக்கைக்குத் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு கொஸ்டின் ஷீட் அனுப்பினாள். நாலே நொடியில் ஸ்வீடனிலிருந்து பதில் வந்தது. இன்று கோடைத் திருநாளுக்கு முந்தின நாளாம். அலுவலகம் மூடியிருக்கிறதாம். எல்லோருக்கும் வாழ்த்துகளாம். திங்கள்கிழமை பார்ப்பார்களாம். ஊரே பூமாலை சூடி ஆடிக்கொண்டிருந்தாலும், விண்ணப்பப் பக்கம் மட்டும் மூன்றரைக்குத் தானாக மூடிக்கொள்ளும்.

சரி, இந்தப் பக்கம் திறக்காவிட்டால் அந்தப் பக்கம். ஏஞ்சலைக் கூப்பிட்டாள்.

"ஏஞ்சல், ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த சார்ஜ் வர்ற நாலு வரியையும் மாத்தித் தரச் சொல்லு. ரெஸ்பான்ஸிபிள்னு போட்டாப் போதும்."

"இங்கதான் கீறேன்க்கா, காலைலேர்ந்து. நேத்து கோதண்டபாணி சார் சீல் வெக்க மறந்துட்டாரு, அதுக்கு வந்தேன். இரு, கேக்கறேன்."

போனை மூடாமலே அவள் கேட்டது காவேரிக்குக் கேட்டது. பதில் சொன்ன குரல் மருத்துவமனை அலுவலகக் கண்காணிப்பாளர் கோதண்டபாணியுடையது.

"இன்னாம்மா, வெளையாடறியா? இருபத்திரண்டு வருசமா இதே ஃபார்மட். இத்த வெச்சுகினு துபாய் போனவங்க கீறாங்க, தோஹா போனவங்க கீறாங்க. ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொன்னாங்களா?"

"துபாய்ல இங்கிலீஷ் படிப்பாங்க சார். இது ஸ்வீடன்."

"அப்ப அவங்கள இங்கிலீஷ் கத்துக்கச் சொல்லு. ஃபார்மட்ல கை வெக்கணும்னா எம்.டி. சொல்லணும். எம்.டி. கோயமுத்தூர்ல கீறாரு."

காவேரி போனை மேசை மேல் வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கரையில் ஒருவர் பட்டியலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கரையில் ஒருவர் ஃபார்மட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஒரு பெண்ணின் ஒன்றரை வருடம் ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் மேசை ஓரத்தில் இருந்த பச்சைத் தட்டு கண்ணில் பட்டது.

பச்சைத் தட்டு என்பது அந்த அலுவலகத்தின் சனி மூலை. கையால் எழுதிய காகிதங்கள் அங்கே வரும். எழுபது வருடத்து ஞானஸ்நானப் பதிவு, கிராம அதிகாரி கிறுக்கிய வாரிசுச் சான்று. கையெழுத்தை மெஷின் படிக்காது. அதனால் அவற்றை மொழிபெயர்ப்பாளரே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். பட்டியல் கிடையாது, சிவப்புக் கோடு கிடையாது. மேலாளர் கையெழுத்துப் போட்டால் முத்திரை எண் தானாக வந்துவிடும். இந்தத் தட்டைக் கண்டாலே காவேரிக்கு எரிச்சல். வாடிக்கையாளர்களிடம், 'கையெழுத்தில் கொண்டுவராதீர்கள், டைப் அடித்துக் கொண்டுவாருங்கள்' என்று அவளே பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

நந்தனம் சிக்னலில் பத்து நிமிடம், கோட்டூர்புரம் பாலத்தில் எட்டு நிமிடம். அடையாறில் இறங்கும்போது மணி ஒன்றாகியிருந்தது. கோதண்டபாணி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.

"கையால எழுதணுமா?" என்றார், காவேரி சொன்னதைக் கேட்டு. முகத்தில் உண்மையான வலி தெரிந்தது. "மேடம், கலர் பிரிண்டர் வாங்கி நாலு மாசம் ஆவுது. லோகோ தங்கக் கலர்ல விழும். கையால எழுதிக் குடுத்தா தெருமுனைக் கிளினிக்னு நெனைப்பாங்க."

"நினைக்கட்டும் சார்."

"அதெல்லாம் முடியாது. ஆஸ்பத்திரி பேரு இன்னா ஆவறது?"

வாசலில் வெள்ளைச் சேலையில் ஒருவர் நின்றிருந்தார். தலைமை நர்ஸ் தேவானை. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஏஞ்சல் அவரைத்தான் போய் அழைத்து வந்திருந்தாள்.

"கோதண்டபாணி, அந்தச் சான்றிதழ்ல யார் கையெழுத்து போடறது?"

"நீங்கதான் சிஸ்டர்."

"அப்ப எழுதறதும் நானே எழுதறேன். லெட்டர்ஹெட் ஒண்ணு குடு."

"ஃபார்மட்..."

"சோறு ஆறுது பாரு. சாப்பிடு."

தேவானை வார்டு மேசையில் போய் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் எழுதவில்லை. காவேரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளவும் முடியாது.

"சான்றிதழ் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலம்மா. முப்பது வருசமா நான் எழுதனது எல்லாம் ஷிப்ட் மாறும்போது எழுதற ரிப்போர்ட்தான்."

"அப்படியே எழுதுங்க சிஸ்டர்," என்றாள் காவேரி.

"அப்படியேவா?"

"மூணு வருசத்தை ஒரு ஷிப்ட்னு நெனச்சுக்குங்க."

அதன் பிறகு பேனா நிற்கவில்லை. எடுத்துக்கொண்ட தேதி. பெண்கள் வார்டு, படுக்கை பதினெட்டு. இரவுப் பணியில் நர்ஸ் ஒருவர்: ஏஞ்சல். லிஃப்ட் பழுதான இரவில் மூன்றாம் மாடியிலிருந்து நோயாளியைத் தூக்கி இறக்கியது. தப்பாக வந்த ஊசி மருந்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது. இரண்டு தடவை. படுக்கைப் புண் வந்தவர்கள்: யாரும் இல்லை. ஒப்படைத்த தேதி. ஒப்படைக்கும்போது நோயாளிகள் பதினெட்டுப் பேர், அனைவரும் நலம். புகார் எதுவும் இல்லை. பழக்க தோஷத்தில் நடுவே ஓர் இடத்தில் சார்ஜ் சிஸ்டர் என்றும் எழுதினார். காவேரி அதை மாற்றச் சொல்லவில்லை. எழுதட்டும். இனி அதற்கு ஸ்வீடிஷ் சொல் போடுவது காவேரி கையில்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த ஏஞ்சல், "அந்த ஊசி மேட்டர் உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?" என்றாள்.

"தெரியாமலா? ரிப்போர்ட் படிக்கறது யாருன்னு நெனச்ச?"

கையெழுத்து, தேதி. சீல் வைக்கக் காகிதம் கோதண்டபாணியிடம் போனது. அவர் மோர்சாதத்தை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து முழுவதையும் ஒருமுறை படித்தார். முகம் இளகியது. சீலை ஓங்கிக் குத்தினார்.

"நல்லா கீதும்மா," என்றார். "குடு, ரெண்டே நிமிசம். அழகா டைப் பண்ணிக் குடுத்துடறேன்."

காவேரி காகிதத்தை அவர் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஏஞ்சல் பின்னாலேயே ஓடிவந்து ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

நந்தனம் சிக்னல் இந்தத் தடவையும் பத்து நிமிடம் பிடித்தது. அதற்குள் மடியில் வைத்து முதல் பாதியை ஸ்வீடிஷில் எழுதிவிட்டாள். சார்ஜ் வந்த இடத்தில் அன்ஸ்வார் என்று எழுதியபோது பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது. அத்தனை அழுத்தம்.

"அக்கா, இன்னாக்கா ஆவும்?" என்றாள் ஏஞ்சல்.

"பேசாம வா. பதினெட்டுக்கு அப்புறம் என்ன இருக்கு, படி."

மீதியை அலுவலகத்தில் தட்டச்சு செய்து முடித்து, மூன்றேகாலுக்கு இரண்டையும் பிரசாத்தின் மேசையில் வைத்தாள். அவர் முதலில் மேல்பக்கம் பார்த்தார், அப்புறம் பின்பக்கம் பார்த்தார்.

"மேடம், காலைல டைப் பண்ணினது வந்துச்சே. இப்ப கையால எழுதினது வருது?"

"ஆமா."

"எல்லாரும் கையால எழுதினதை டைப் பண்ணிக் கொண்டுவருவாங்க."

"ஆமா, பிரசாத். கையெழுத்துப் போடுங்க."

"மொழிபெயர்ப்பு சரியா இருக்குன்னு நீங்க..."

"நான் சொல்றேன். வேணும்னா மின்னஞ்சல்ல எழுதித் தரேன். நான் கேட்டாலும் மாத்த வேண்டாம்னு அதுலயும் போட்டுத் தரேன்."

பிரசாத் பதறாமல் இங்க் பேடைத் தேடினார். பதறாமல் மூடியைத் திறந்தார். பதறாமல் சீல் குத்திக் கையெழுத்துப் போட்டார். முத்திரை எண் வந்தபோது மூன்று இருபத்து நாலு. ஏஞ்சல் தன் போனில் ஏற்றி முடித்தபோது மூன்று இருபத்தெட்டு. பச்சை அடையாளம் விழுந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் அந்தோணியம்மாள் மீனை நறுக்கிக்கொண்டே, "இன்னாம்மா ஆச்சு நம்ம காயிதம்?" என்று கேட்பதும், காவேரி "வரும்" என்பதும் வழக்கமாகிவிட்டது. பதிமூன்றாம் நாள் முதியோர் இல்லத்திலிருந்து காவேரியின் அலுவலகத்துக்கே கடிதம் வந்தது. சான்றிதழ் கிடைத்தது, நன்றி. நேர்முகம் வைப்பதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம். இரவில் ஒரு நர்ஸுக்குப் பதினெட்டு நோயாளிகள் என்று இருக்கிறது. எட்டு என்பது மொழிபெயர்ப்பில் தவறிப்போய்ப் பதினெட்டு ஆகிவிட்டதா? தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.

காவேரி அதை இரண்டு தடவை படித்தாள். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தேவானையைக் கூப்பிட்டாள்.

"எட்டா, பதினெட்டான்னு கேக்கறாங்க சிஸ்டர்."

"பதினெட்டுதாம்மா. டெங்கு சீசன்ல இருபத்திநாலு. நடைபாதையில கட்டில் போடுவோம்."

"அதை ஏன் எழுதல?"

"எழுதினா நம்ப மாட்டாங்கன்னு விட்டுட்டேன்," என்றார் தேவானை. பின்னால் யாரோ அழைக்கும் மணி கேட்டது. "இரு, ஆறாம் நம்பர் கூப்பிடறாங்க."

காவேரி பதிலைத் தட்டச்சு செய்தாள். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. எண் சரியானது. அடுத்து ஒரு வரியில் டெங்கு காலத்தையும் இருபத்து நாலையும் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அனுப்பினாள்.

நேர்முகம் அடுத்த செவ்வாய்க்கிழமை என்று அன்று மாலையே வந்துவிட்டது. கூடவே இன்னொரு மின்னஞ்சலும் வந்திருந்தது, பேட்டரி கம்பெனிக்காரரிடமிருந்து. விடுமுறை கொஞ்சம் நீண்டுவிட்டதாம், நன்றாக இருந்ததாம். சார்ஜ் பற்றிய கேள்விக்குப் பதில்: பட்டியலில் உள்ளபடியே பயன்படுத்தவும்.