பறக்கிறவனுக்கு லைசென்ஸ் கிடையாது

"பறக்கிறானே, இவனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

நாலு மணிப் படம் ஆரம்பித்து டீ கூட இன்னும் ஆறவில்லை, மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். திரையில் ஒரு சீனத்து வீரன் ஒரு மூங்கில் உச்சியிலிருந்து இன்னொரு மூங்கில் உச்சிக்குத் தாவிக்கொண்டிருந்தான்.

"கண்ணாடி பாக்கல, கை காட்டல, வளைவுல வேகத்தக் குறைக்கல. பின்னாடி எவனாவது வந்தா என்ன ஆகறது?"

"பின்னாடி ஒருத்தன் வந்துட்டுத்தான் இருக்கான். அவன் வெட்டத்தான் வரான்" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் ரத்து."

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆயுளைக் கழித்து, முழங்கால் எதிர்த்துப் பேசத் தொடங்கியதும் ஓய்வு பெற்றவர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவன் தப்பு செய்வதற்குள் அதை மிதிப்பதுதான் அவர் தொழில். தப்பு செய்யும் உத்தேசமே இல்லாதவனுக்கும் மிதிப்பார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அந்தப் பாதிப் பேர் நடு ரோட்டில் காரணமில்லாமல் நின்றுவிடுவது ஏன் என்று மீதிப் பாதிப் பேர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். "மூச்ச இழுங்க, பிடிங்க, விடாதீங்க" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவள். ஓய்வு பெற்றபின் கோயில் குளம் என்று போவாள், பக்கத்து வீட்டாரோடு வம்பளப்பாள் என்றெல்லாம் மாஸ்டர் கணக்குப் போட்டிருந்தார். அவளோ, தினமும் தமிழில் டப்பிங் செய்து போடும் சீனத்துச் சண்டைப்படத்தின் முன்னால் பிரம்பு நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டிவிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அந்தப் படங்களைக் கண்டால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். எல்லாம் ஒரே படம் என்பது அவர் தீர்ப்பு. ஒரு கிழட்டு குரு இருப்பார், இடைவேளைக்குள் சாவார். சிஷ்யன் மலைமேல் தண்ணீர் சுமப்பான். அந்த மலையில் ஒரு குழாய் போட எவனுக்கும் புத்தி வராது. அடியாட்கள் ஐம்பது பேர் சூழ்ந்து நிற்பார்கள். ஆனால் டிக்கெட் கவுண்ட்டரில் நிற்கிற மாதிரி ஒருத்தன் அடிவாங்கி முடிக்கும்வரை அடுத்தவன் மரியாதையாகக் காத்திருப்பான். வில்லன் வாயை மூடிப் பத்து நொடி ஆன பிறகும் அவனுடைய தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்.

"இப்ப அந்தக் கிழவன் செத்துருவான் பாரு."

கிழவன் செத்தான்.

"சொன்னேன்ல? சாகும்போது விஷயத்த முழுசா சொல்ல மாட்டான் பாரு."

"உன் அப்பனைக் கொன்றவன் பெயர்..." என்று திணறி, கிழவன் தலையைச் சாய்த்தான்.

மனைவி டீ டம்ளரை இறுகப் பிடித்தாள். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்தால் எழுப்ப முடியுமா?

"இத ஒரு மனுஷி தினம் உக்காந்து பாக்கறான்னா, மண்டைக்குள்ள என்ன இருக்கும்னு ஒரு படம் எடுத்துத்தான் பாக்கணும். வேல பாத்த ஆஸ்பத்திரியிலயே எடுத்திருக்கலாம். ஓசியா."

தான் சொன்னதிலேயே இதுதான் உச்சம் என்று அவருக்குத் தோன்றியது. தொடையைத் தட்டிச் சிரித்தார். மனைவி டிவியை அணைத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு தையல்காரம்மா, ஒரு மிஷின், ஒரு டிவி.

மறுநாளும் நாலு மணிக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள்.

முதல் நாள் ரிமோட் கைக்கு வந்ததில் மாஸ்டருக்கு ராஜ்யமே கைக்கு வந்த மாதிரி இருந்தது. செய்தி பார்த்தார். அதில் யாரும் பறக்கவில்லை. ஆனாலும் பாதி நம்பும்படி இல்லை. மூன்றாம் நாள், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சீனத்துப் படத்தைப் போட்டார். ஒருவன் படகிலிருந்து குதித்துத் தண்ணீர்மேல் ஓடி வந்தான்.

"நனையாம வர்றவனுக்கு எதுக்குடா படகு?" என்றார்.

அருமையான கிண்டல். சுவர் சிரிக்கவில்லை. ஒரு கை ஓசை என்பார்களே, அது எவ்வளவு கேவலமான ஓசை என்று அன்றுதான் தெரிந்தது. அதே நேரம் தரைக்குக் கீழிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. புரையேறுகிற மாதிரி, இடையில் மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குகிற சிரிப்பு. யாரோ என்று நினைத்தார். பிறகுதான் தன் பெண்டாட்டியின் சிரிப்பு என்று அடையாளம் தெரிந்தது. கல்யாணமான புதிதில் கேட்டது. அது தீர்ந்துபோய்விட்டது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தார்.

ராத்திரி சாப்பிடும்போது அந்தப் படகு ஜோக்கைச் சொன்னார்.

"ஓ" என்றாள்.

"நல்லா இல்லையா?"

"சாதம் போடவா?"

அடுத்த வாரம் நிலைமை முற்றியது. மூன்றரை மணிக்கு மனைவி பிரம்பு நாற்காலியின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"நாற்காலிய எங்க இழுக்கற?"

"கீழ. அவ வீட்டு ஸ்டூல் முதுகுக்கு ஆகல."

"திரும்ப எப்ப வரும்?"

"அது அங்கயே இருக்கட்டும். தினமும் யாரு தூக்கறது?"

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால் திரும்பி வருவாள்; நாற்காலி போனால் வராது. இது அவருக்குத் தெரிந்த உலக நியாயம். 'போகாதே' என்று சொல்ல வாயெடுத்தார். வெளியே வந்தது வேறு.

"நீ இழுத்தா கால் உடையும். தள்ளு, நான் தூக்கறேன்."

இப்படியாக, தன் வீட்டை விட்டுப் போகும் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, முழங்கால் ஒவ்வொரு படியிலும் முறையிட, அவர் கீழே இறங்கினார். "பாத்து, பாத்து, வலது பக்கம் ஒடிங்க" என்று மேல்படியிலிருந்து மனைவி வழி சொன்னாள்.

தையல்காரம்மா கதவைத் திறந்தாள். வாயில் குண்டூசி, கழுத்தில் டேப். குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"வாங்கண்ணே. சீர்வரிசை எல்லாம் பலமா இருக்கு. வந்ததுதான் வந்தீங்க, உக்காந்து பாத்துட்டுப் போங்க. ஆனா செருப்போட சேத்து வாயையும் வெளிய கழட்டி வெச்சுட்டு வாங்க."

மனைவி நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். துணித் துண்டுகளுக்கு நடுவில், அந்த முதுகுக்கு ஆகாத ஸ்டூலில், மாஸ்டர் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியது. சிவப்பு ஆடை போட்ட ஒருத்தி கூரைமேல் ஓடினாள். மாஸ்டரின் நாக்கு நுனியில் மூன்று கிண்டல்கள் கிளம்பி வரிசையில் நின்றன. விழுங்கினார். மாத்திரை விழுங்குவது இதைவிடச் சுலபம். அவளை எதிர்த்து வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் குதித்து, சேற்றில் உருண்டு, எழுந்து நின்றான்.

"பாருக்கா அநியாயத்த" என்றாள் தையல்காரம்மா. "சேத்துல புரண்டு எழுந்திருக்கான், சட்டையில ஒரு கறை உண்டா? அதுல அந்தக் கைய எப்படி வெட்டியிருக்கான் பாரு, தலகாணி உறை மாதிரி. இதத் தச்ச கையத்தான் முதல்ல வெட்டணும்."

மனைவி சிரித்தாள். "நீ சட்டையப் பாக்கற. இப்ப ஒரு உதை வாங்கினான்ல, இடது பக்கம் விலா எலும்பு போயிருக்கும். அப்படியே நிமிந்து வசனம் பேசறான். எங்க ஆஸ்பத்திரியில நாலாவது படியில வழுக்கி விழுந்தவன் நாலு மாசம் படுத்தான்."

"இவனுங்களுக்கு எலும்பே கிடையாதுக்கா. உள்ள ஃபோம்தான்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாஸ்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் படத்தைக் கும்பிடுகிறார்கள் என்றல்லவா நினைத்தார்! தான் மேலே திட்டியதைவிடக் கேவலமாகத் திட்டுகிறார்கள். துவைத்துக் காயப்போடுகிறார்கள். அப்புறம் ஏன் இவள் மாடியை விட்டு இறங்கினாள்?

உதை வாங்கியவன் மறுபடி சேற்றில் உருண்டு எழுவதற்குள் மாஸ்டருக்கே விடை தெரிந்துவிட்டது. தையல்காரம்மா சட்டையைத் திட்டினாள். இவள் எலும்பைத் திட்டினாள். தான் திட்டியது, பார்த்துக்கொண்டிருந்தவளை. காது நுனி சுட்டது.

ஏதாவது சொல்ல வேண்டும். 'மன்னித்துக்கொள்' என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். முதல் தடவையே நாலு பேர் எதிரில், அதாவது ஒரு தையல்காரி எதிரில், சொல்லுமா? திரையைப் பார்த்தார். சிவப்பு ஆடைக்காரி வெள்ளைச் சட்டைக்காரனைக் குத்த வாளை ஓங்கி, குத்தாமல் அழுதாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாள் ஒரு படத்தையாவது காதால் கேட்டிருந்தால்தானே!

"ஏம்மா" என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணு யாரு? இவனுக்குத் தங்கச்சியா?"

தையல் மிஷின் நின்றது. மனைவி நாற்காலியோடு திரும்பினாள்.

"என்னது?"

"இல்ல... அவ ஏன் அழறான்னு தெரியல."

"இது தொடர் படம். முத பாகம் போன வாரமே போட்டுட்டான். மேல உக்காந்து அவ்வளவு கிண்டல் பண்ணீங்களே, யாரு எவருன்னே தெரியாமலா?"

"தெரியாமத்தான்." ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டினார். "அன்னிக்குப் படத்தத் திட்டியிருக்கணும். உன்னத் திட்டிட்டேன். வண்டி தடம் மாறிடுச்சு."

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எலும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்க்கிற பார்வை.

"படத்தத் திட்டினா நானும் சேந்து திட்டியிருப்பேன்ல? அறிவு கெட்ட மனுஷா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி இல்ல. இவன் அப்பனைக் கொன்னவனோட பொண்ணு. அவளுக்கு இது தெரியும், இவனுக்குத் தெரியாது. அந்த முட்டாளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, பாருங்க" என்றாள்.

"சே, மாட்டுப் பயலா இருப்பான் போலயே!"

"மாடு கூட மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிடும்" என்றாள் மனைவி. சிரிப்பு வந்தது. தரைக்குக் கீழிருந்து அல்ல, கையெட்டும் தூரத்திலிருந்து.

படம் முடிந்தது. சிவப்பு ஆடைக்காரி செத்தாள். முட்டாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டர் எழுந்து பிரம்பு நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

"விடுங்க. அது இங்கதான் இருக்கும்" என்றாள் மனைவி.

அவர் கையை எடுத்தார். முகம் விழுந்துபோயிற்று.

"என்ன முழிக்கறீங்க? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு கொண்டாந்து போடுங்க. அந்த ஸ்டூல்ல இன்னும் ரெண்டு நாள் உக்காந்தீங்கன்னா உங்க இடுப்ப நான்தான் படம் எடுக்கணும்."

"இந்தக் கண்றாவியப் பாக்க நான் நாற்காலி வேற சுமக்கணுமா?" என்று மாஸ்டர் எகிறினார். "பறக்கிற பயலுவளுக்காக என் முழங்கால் தேயணுமா? எனக்கு வேற வேலை இல்ல?"

தையல்காரம்மா மறுபடி குண்டூசியை வாயில் வைத்து முடிப்பதற்குள் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மாஸ்டர், மேலே போன வேகத்திலேயே, சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குத்தானே சொன்னேன்" என்றாள் மனைவி.

"நாளைக்கு மழை வந்தாலும் வரும்" என்றார் அவர். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் இருந்த படிக்கட்டுக்குக் கூரை இருந்தது.