மச்சானுக்கு ஒரு ஜோடி

இந்தக் காலத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வருவதில்லை. முட்டி வலிக்கிறது என்று வாய் தவறிச் சொன்னால் போதும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன்கூட வைத்தியனாகிவிடுகிறான். பெரியவரின் மச்சானுக்கு மாரடைப்பு வந்தபோதும் அதே கதைதான். மனுஷனுக்குப் புகை இல்லை, குடி இல்லை, சர்க்கரை இல்லை. பிறகு ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணத்தை அள்ளி விட்டார்கள்.

பெரியவர் நாற்பது வருஷம் பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவர். எவன் பேச்சையும் லேசில் நம்பமாட்டார். ஆஸ்பத்திரி மாடியில் ஆராய்ச்சி நடத்தும் பெண்ணிடமும் முதல் நாளே முறைப்பாகத்தான் கேட்டார், மச்சானுக்கு ஏன் வந்தது என்று.

"தெரியலைங்க ஐயா. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றாள் அவள்.

அன்றைக்குத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். எந்நேரமும் கழுத்தில் அளவு நாடா தொங்கியதால் டேப்புக்காரி என்று பெயரும் வைத்தார்.

சர்க்கரை இல்லாமலே மாரடைப்பு வந்த ஒவ்வொருவருக்கும், அதே வயதில் அதே வேலை பார்த்த, இரண்டு நோயும் இல்லாத ஒருவரை ஜோடி சேர்த்து, எதில் வித்தியாசம் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஜோடி கிடைக்காதவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஜோடி சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். தனக்கு ஏன் வந்தது என்று தெரியாமல் சாகமாட்டேன் என்று அடம் பிடித்த மச்சான்தான், தன் வயதே ஆன, தன்னோடு அதே ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த பெரியவரை இழுத்து வந்திருந்தார்.

"கண்டதையும் தின்னுட்டுக் குத்துக்கல்லாட்டம் இருக்கான்மா. இவனைவிட ஜோடி எங்க கிடைக்கும்?"

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தாள். குளுக்கோஸ் தண்ணி கொடுத்து, காக்க வைத்து, மறுபடி எடுத்தாள். முடிவைப் பார்த்து நம்பிக்கை வராமல் இன்னொரு நாளும் வரச் சொல்லி எடுத்தாள்.

வியாழக்கிழமை மாடி அறையில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. டாக்டரைப் பாக்கணும். ஜோடியா உங்களைச் சேர்க்க முடியாது."

மச்சான் முகம் தொங்கிப்போனது. "கவுத்துட்டியே மாப்ளே."

பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "இந்தாம்மா, நான் டாக்டரைப் பாக்கறேன், மாத்திரை குடுத்தா முழுங்கறேன். ஆனா உன் கம்ப்யூட்டர்ல மட்டும் சர்க்கரை இல்லைன்னு போட்டுக்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஒரு ஆளால என்ன குடிமுழுகிடும்?"

"நான் பொய்யா ஒண்ணு போட்டா, கிடைக்கிற பதிலும் கோணலாத்தான் வரும் ஐயா. அதை நம்பி நாளைக்கு யாரோ ஒருத்தர் மருந்து சாப்பிடுவாரு. இவருக்கு ஏன் வந்ததுன்னு கேக்கற நீங்களே இதைச் சொல்லலாமா?"

குரலை உயர்த்தவில்லை. அவர் கையில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து, நேற்று ஊசி குத்திய இடம் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். மறை சேராத போல்ட்டைச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, பஸ்ஸை ரோட்டுக்கு அனுப்பிய சூப்பர்வைசர்கள் எத்தனையோ பேரைப் பெரியவர் பார்த்திருக்கிறார். சேராததைச் சேரவில்லை என்று சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். அது இந்தக் குச்சி உடம்புக்குள் இருந்தது.

"இந்தப் பொண்ணு மனசு வச்சிருந்தா..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"வாயை மூடு மச்சான். தங்கம்யா அது. உனக்குப் பொய்க்காரி வேணும்னா வேற ஆஸ்பத்திரிக்குப் போ." பிறகு அவளிடம் திரும்பினார். "எங்க ஷெட்ல இஞ்சின் பிரிக்கிறவன் ஒருத்தன் இருந்தான். இவன் வயசுதான். நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட இழுத்துட்டு வரேன்."

"அவருக்கும் சர்க்கரை இருந்தா?"

"அப்பயும் இருக்குன்னே போடு."

டாக்டருக்கான சீட்டை நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"ஏம்மா, உன்னை நம்பறேன். உன் மெஷினை நம்பலை. மயக்கம் இல்லை, களைப்பு இல்லை, எனக்கா சர்க்கரை?"

"அதெல்லாம் இல்லாமலும் சர்க்கரை இருக்கும் ஐயா."

"இருக்கும், இருக்கும்" என்று முனகியபடி கைப்பிடியைத் தொடாமலே விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.